குணமாகும் நோய்க்கு யார் பணம் தருவது?

பூனைகளின் குடலில் ஒரு வகைக் கொரோனா வைரஸ் சர்வசாதாரணமாகக் குடியிருக்கும். பெரும்பாலான பூனைகளுக்கு லேசான பேதியோடு விஷயம் முடிந்துவிடும். சிலவற்றில் மட்டும் அந்த வைரஸ் உருமாறி, வயிற்றிலோ மார்பிலோ நீர் கோத்து, சில வாரங்களில் உயிரை எடுத்துவிடும். மருத்துவர்கள் எஃப்.ஐ.பி. என்று சுருக்கி அழைக்கும் இந்த நோய், பூனைகள் நெருக்கமாக வாழும் காப்பகங்களில் குட்டிகளையே அதிகம் தாக்குகிறது. நெடுங்காலம் இதற்கு மருந்து இருக்கவில்லை. 2019இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பீடர்சன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ரெம்டெசிவிரின் நெருங்கிய உறவான ஜி.எஸ்.-441524 என்ற மருந்தை, நோய் வந்த 31 பூனைகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்திருந்தார்கள். அவற்றில் 25 பூனைகள் பிழைத்தன.

அந்த ஆய்வுக்குப் பிறகு, எஃப்.ஐ.பி. வந்த பூனை பிழைக்குமா என்பது மருத்துவ அறிவை மட்டும் பொறுத்ததாக இல்லை. மருந்து இருக்கிறது, 84 நாள் விடாமல் கொடுக்க வேண்டும், இடையிடையே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். விலங்கு மருந்தாக அது சட்டப்படி விற்பனைக்கு வராததால், பூனை வளர்ப்பவர்கள் சில ஆண்டுகள் சீனாவிலிருந்து வந்த கறுப்புச் சந்தைக் குப்பிகளையே நம்பியிருந்தார்கள். பிரிட்டனில் 2021இலும் அமெரிக்காவில் 2024இலும்தான் மருத்துவர் எழுதிக்கொடுத்து வாங்க வழி பிறந்தது. வீட்டுப் பூனைக்கு நோய் வந்தால் வளர்ப்பவர் கடன் வாங்கியாவது வைத்தியம் பார்ப்பார். காப்பகப் பூனைக்கு அப்படி ஒருவர் இல்லை.

நோயுற்ற, அடிபட்ட காப்பக விலங்குகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கருணையோடு நின்றுவிடுகிறது. கருணைக்குப் பஞ்சமில்லை. அந்தக் கருணை பணமாக மாறும் வழிகள்தான் கோணலாக இருக்கின்றன. எந்த வழியில் பணம் வருகிறது என்பதே எந்த விலங்கு பிழைக்கும், எது கைவிடப்படும் என்பதைப் பெரிய அளவில் தீர்மானிக்கிறது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் கிடைத்திருக்கும் அனுபவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரிகிறது.

கோடு கிழிப்பது யார்?

சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் 1994இல் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. நகராட்சியின் விலங்குக் கட்டுப்பாட்டுத் துறைக்கும், ரிச்சர்ட் அவன்சினோ தலைமையில் இயங்கிய விலங்குவதைத் தடுப்புச் சங்கத்துக்கும் இடையிலான ஏற்பாடு அது. தத்துக் கொடுக்கத் தகுதியான எந்த நாயையும் பூனையையும் இடமில்லை என்று கொல்லக்கூடாது. நகராட்சியால் வைத்துக்கொள்ள முடியாதவற்றைச் சங்கம் ஏற்றுக்கொள்ளும். ஆரோக்கியமான விலங்குகளுக்கு இந்த வாக்கைக் கொடுத்த பிறகு, அடுத்த கேள்வி தானாக எழுந்தது. சளி பிடித்த பூனை, கால் முறிந்த நாய், சொறி பிடித்த குட்டி ஆகியவற்றை என்ன செய்வது?

1998இல் கலிஃபோர்னிய மாநிலம் இதைச் சட்டமாகவே எழுதியது. செனட்டர் டாம் ஹேடன் கொண்டுவந்த அந்தச் சட்டம், நியாயமான முயற்சியால் தேறிவரக்கூடிய விலங்கைக் கொல்லக்கூடாது என்பதை மாநிலத்தின் கொள்கையாக அறிவித்தது. கூடுதல் நாள்கள் வைத்திருப்பது, வைத்தியம் பார்ப்பது ஆகியவற்றின் செலவை மாநிலம் ஈடுகட்ட வேண்டும் என்று உள்ளாட்சிகள் கேட்டன. 2009இல் நிதி நெருக்கடி வந்தபோது, அந்த ஈட்டுத்தொகையைக் கொடுக்காமலிருப்பதற்காகச் சட்டத்தின் முக்கியக் கட்டாயப் பிரிவுகளையே மாநிலம் நிறுத்திவைத்தது. கொள்கை வாசகம் சட்டப் புத்தகத்தில் நின்றது. அதை நடத்திக்காட்டும் பணம் நின்றுபோனது.

2004இல் அமெரிக்க விலங்குநல அமைப்புகளின் தலைவர்கள் கலிஃபோர்னியக் கடற்கரையில் உள்ள அசிலோமாரில் கூடி, காப்பக விலங்குகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள்: ஆரோக்கியமானவை, வைத்தியத்தால் முழுமையாகத் தேறுபவை, நோயோடு சமாளித்து வாழக்கூடியவை, குணப்படுத்த இயலாதவை. எது எந்த வகை என்று தீர்மானிக்க அவர்கள் வைத்த அளவுகோல் கூர்ந்து பார்க்கத்தக்கது. அக்கறையும் பொறுப்பும் உள்ள விலங்கு வளர்ப்போர் அந்த ஊரில் வழக்கமாக என்ன வைத்தியம் செய்வார்களோ அதுவே அளவு. ஆகவே, ஒரே மாதிரி தொடை எலும்பு முறிந்த இரண்டு நாய்களில் ஒன்று பணக்கார நகரில் தேறும் வகையிலும், மற்றொன்று வறிய ஊரில் தேறாத வகையிலும் போய்ச் சேரலாம். எக்ஸ்ரே படம் ஒன்றுதான். ஊரின் வசதி வேறு.

இந்த வேறுபாட்டைப் பணத்தால் நிரப்ப முயன்றது மேடிஸ் ஃபண்ட். பீப்பிள்சாஃப்ட் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய டேவ் டஃபீல்டும் அவர் மனைவி ஷெரிலும், தாங்கள் வளர்த்த மேடி என்ற நாயின் நினைவாக 30 கோடி டாலர் ஒதுக்கி நடத்தும் அறக்கட்டளை அது. 1999இல் அவன்சினோவே அதன் தலைவரானார். ஊரில் உள்ள காப்பகங்கள், நகராட்சி, தனியார் மருத்துவர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து வர வேண்டும். எத்தனை விலங்கு வந்தது, எத்தனை பிழைத்தது, எத்தனை கொல்லப்பட்டது என்ற கணக்கை வெளியிட வேண்டும். முதலில் ஆரோக்கியமானவற்றையும் பிறகு வைத்தியத்தால் தேறுபவற்றையும் காப்பாற்றுவோம் என்று இலக்கு வைக்க வேண்டும். இந்த நிபந்தனைகளோடுதான் பணம் வந்தது. ஒரு தனி நாயின் படத்தைப் பார்த்து இரங்கிக் கொடுத்த பணம் இல்லை அது. ஊரின் கணக்கைப் பார்த்துக் கொடுத்த பணம்.

அமெரிக்காவின் பழைய விலங்குநல அமைப்பான ஏ.எஸ்.பி.சி.ஏ.வின் மதிப்பீட்டின்படி, அந்நாட்டுக் காப்பகங்களில் கொல்லப்பட்ட நாய், பூனைகளின் எண்ணிக்கை 2011இல் 26 லட்சமாக இருந்து 2019இல் 9.2 லட்சமாகக் குறைந்தது. கருத்தடை, தத்தெடுப்பு, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு விலங்குகளை அனுப்பும் ஏற்பாடு ஆகியவற்றுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் எண்ணிக்கையை வெளியிடும் பழக்கம் இல்லாமல் இந்த இறக்கத்தைக் கண்டிருக்கவே முடியாது.

பார்வோ வார்டு

நாய்க்குட்டிகளின் பெரிய எமன் பார்வோ வைரஸ். ரத்தப் பேதியும் வாந்தியுமாகக் குட்டி இரண்டு மூன்று நாளில் வற்றிப்போகும். வைரஸைக் கொல்வதைவிட உடலைத் தாங்கிப்பிடிப்பதே வைத்தியத்தின் பெரும்பகுதி: நரம்பு வழியாகத் திரவம், வாந்தியை அடக்கும் ஊசி, இரண்டாம் நிலைத் தொற்றைத் தடுக்கும் ஆன்டிபயாடிக், தொண்டை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உணவு. தனி அறையும் ஓயாத கிருமிநீக்கமும் வேண்டும். இத்தனையும் எதற்கு என்று பல காப்பகங்கள் பார்வோ வந்த குட்டியை உடனே கருணைக்கொலை செய்துவந்தன.

டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், மருத்துவர் எலன் ஜெஃபர்சன் தலைமையில் இயங்கிய ஆஸ்டின் பெட்ஸ் அலைவ் அமைப்பு 2008இல் இந்தக் குட்டிகளுக்கென்றே தனி வார்டைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பத்தாண்டுக்கு மேற்பட்ட பதிவுகளை அலசி 2020இல் வெளியான ஆய்வின்படி, அங்கே வைத்தியம் பார்க்கப்பட்ட ஐயாயிரத்துக்கும் அதிகமான நாய்களில் 86 சதவீதத்துக்கு மேல் பிழைத்தன. ஆபத்து பெரும்பாலும் முதல் ஐந்து நாள்களில்தான். அதைத் தாண்டிய குட்டிகளில் ஏறக்குறைய எல்லாமே தேறின. எந்த நாள்களுக்கு எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று முன்கூட்டியே திட்டமிட இந்தத் தகவல் போதும்.

செலவைக் குறைக்கும் முயற்சிகளும் இதையொட்டி நடந்தன. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 40 நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். மருத்துவமனையில் முழுநேரமும் வைத்துப் பார்த்த குழுவில் 90 சதவீதமும், தொடக்கத்தில் மட்டும் நரம்பு வழித் திரவம் கொடுத்து, பிறகு தோலடியில் திரவம் ஏற்றும் எளிய முறையில் பார்த்த குழுவில் 80 சதவீதமும் பிழைத்தன. 2017இல் வெளியான இந்த முடிவு காப்பகங்களுக்குப் பெரிய செய்தி. முழு வசதிக்குப் பணம் இல்லாத இடத்திலும் ஐந்தில் நான்கு உயிரைக் காப்பாற்ற முடியும். வைத்தியத்தை மலிவாக்கும் ஆய்வுக்குக் கொடுக்கும் பணம், பிழைக்க முடிந்த விலங்குகளின் வட்டத்தையே அகலமாக்குகிறது.

நோயே வராமல் தடுப்பது இதைவிட மலிவு. காப்பகத்துக்குள் நுழையும்போதே, வாசலிலேயே, தடுப்பூசி போட வேண்டும் என்பது காப்பகக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் வகுத்த வழிகாட்டு நெறி. டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கேட் ஹர்லியும் அவர் குழுவினரும் வட அமெரிக்காவில் ஒன்பது காப்பகங்களைப் பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, பூனைக்கூண்டின் அளவுக்கும் மூச்சுக்குழாய்த் தொற்றுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. பெரிய கூண்டில், முதல் வாரத்தில் அடிக்கடி இடம் மாற்றாமல் வைத்த பூனைகளுக்குச் சளி குறைவாகவே வந்தது. தச்சருக்குக் கொடுக்கும் கூலியும் மருத்துவச் செலவுதான்.

மகமையும் மானியமும்

காப்பகத்துக்கு நிலையாகப் பணம் திரட்டுவதற்கு இந்தியாவில் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. 1832இல் பம்பாயில் தெருநாய்களைக் கொல்ல ஆங்கில அதிகாரிகள் உத்தரவிட்டபோது பார்சிகள் கடையடைத்துக் கலகம் செய்தார்கள். அந்தக் கொந்தளிப்பின் தொடர்ச்சியாக, 1834இல் ஜம்செட்ஜி ஜீஜீபாயும் குஜராத்தி வணிகர்களும் சேர்ந்து பம்பாய்ப் பிஞ்சராபோல் என்ற விலங்குக் காப்பகத்தை நிறுவினார்கள். யாராவது இரங்கிக் கொடுப்பார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பருத்தி உள்ளிட்ட சரக்குகள் கைமாறும்போது சிறு தொகையைக் காப்பகத்துக்கென்று ஒதுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். தமிழ்நாட்டு வணிகர்கள் மகமை என்று எடுத்துவைத்துக் கோயிலும் பள்ளியும் நடத்தினார்களே, அதே முறை. விலங்கின் முகத்தைக் கொடுப்பவர் பார்த்திருக்க வேண்டியதில்லை; வியாபாரம் நடக்கும்வரை பணம் வந்துகொண்டிருக்கும்.

பிஞ்சராபோல்கள் பெரும்பாலும் புகலிடங்கள். அங்கே வைத்தியம் குறைவு. மருத்துவமனை என்று சொல்லத்தக்க ஏற்பாடு, 1880களில் பம்பாய்ப் பரேலில் தின்ஷா மானெக்ஜி பெட்டிட்டின் நன்கொடையால் எழுந்த பாய் சாகர்பாய் விலங்கு மருத்துவமனையில்தான் வந்தது. அதே வளாகத்தில் 1886இல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது. கற்பிக்கும் இடமும் ஆதரவற்ற விலங்குக்கு வைத்தியம் பார்க்கும் இடமும் ஒன்றாக இருப்பதன் பலனை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

சுதந்திர இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது; அதன் கீழ் 1962இல் விலங்குநல வாரியம் அமைந்தது; கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அதன் முதல் தலைவர். இந்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவு பலர் கண்ணில் படாதது. வதைக்கு ஆளான விலங்கை மருத்துவக் காப்பகத்துக்கு அனுப்ப நீதிபதி உத்தரவிடலாம். அங்கே ஆகும் பராமரிப்பு, வைத்தியச் செலவை மாவட்ட நிர்வாகம் நிர்ணயிக்கும் கட்டணப்படி உரிமையாளரே தர வேண்டும். தராவிட்டால் நிலவரி பாக்கிபோல் வசூலிக்கலாம். உரிமையாளர் ஏழை என்றால் விலக்கு அளிக்கலாம். செலவை யார் ஏற்பது என்பதற்குச் சட்டமே கொடுத்த விடை இது. ஆனால் அதே சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். வழக்குப் போடுவதற்கே யாருக்கும் ஊக்கம் வராத இடத்தில் 35ஆம் பிரிவின் பணம் காப்பகத்தின் கணக்குக்கு வந்து சேருவது அரிது. தவிர, தெருவில் லாரி அடித்துப்போட்ட நாய்க்கு உரிமையாளரும் இல்லை, வழக்கும் இல்லை.

அந்த நாய்க்காகத்தான் ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகள் பிறந்தன. விமானி கேப்டன் வி. சுந்தரமும் குடும்பத்தினரும் 1959இல் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ், தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை முன்வைத்தது; 1996இல் சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது. 2001இல் அது நாடு முழுவதற்குமான விதியானது. கருத்தடைக்கு அரசுப் பணம் தலைக்கணக்கில் வருகிறது. விலங்குநல வாரியம் நெடுங்காலம் நாய் ஒன்றுக்கு 445 ரூபாய் கொடுத்துவந்தது. தொகை போதுமா என்பது தனிக் கேள்வி. கணக்கிட ஒரு முறையாவது இருந்தது. முறிந்த கால், புழுவைத்த புண், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் ஆகியவற்றுக்கு அப்படியொரு நிலையான தலைக்கணக்கு இல்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தெருநாய்கள் 1.53 கோடி, கேட்பாரற்ற மாடுகள் 50 லட்சம். இவற்றின் வைத்தியச் செலவின் பெரும்பகுதி நன்கொடையின் தலையில்தான் விழுகிறது.

தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்த வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள் திட்டம் இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. கைவிடப்பட்ட, நோயுற்ற, அடிபட்ட விலங்குகளைப் பேணும் தொண்டு நிறுவனங்களுக்கு உதவ 20 கோடி ரூபாய் என்பது அந்த அறிவிப்பு. வாடிய பயிரைக் கண்டு வாடியவரின் பெயரில் அமைந்த திட்டம், கட்டடத்தோடு நின்றுவிடாமல் தினசரி மருந்துச் செலவுக்கும் போய்ச் சேர வேண்டும்.

படத்துக்கு வரும் பணம்

நன்கொடை எப்படி வருகிறது என்பதை விளக்கும் பரிசோதனை ஒன்றை டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களுக்கு ஐந்து டாலர் கொடுத்து, விரும்பினால் அதில் ஒரு பகுதியை ஆப்பிரிக்கப் பசிக்கொடுமைக்குத் தரலாம் என்றார்கள். மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் கதையை மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் பசியில் வாடும் புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் 1.14 டாலர். கதையையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் படித்தவர்கள் கொடுத்தது 1.43 மட்டுமே. எண்ணிக்கை உள்ளே வந்ததும் கை சுருங்கிவிடுகிறது.

காப்பகங்களும் இதை அனுபவத்தில் அறிந்திருக்கின்றன. 2002இல் உதய்ப்பூரில் அமெரிக்கக் குடும்பம் ஒன்று தொடங்கிய அனிமல் எய்ட் அன்லிமிடெட், தாரில் சிக்கிய நாய், கிணற்றில் விழுந்த கன்று என மீட்புக் காட்சிகளை யூடியூபில் வெளியிட்டு உலகெங்கும் ஆதரவாளர்களைப் பெற்றது. அடிபட்ட நிலையையும் தேறிய நிலையையும் ஒரே படத்தில் காணும்போது மனம் திறந்துகொள்கிறது. இது நேர்மையாக நடக்கும்வரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இதன் பக்கவிளைவு இரண்டு. முதலாவது, வேண்டுமென்றே விலங்கை ஆபத்தில் மாட்டிவிட்டுக் காப்பாற்றுவதுபோல் நடிக்கும் வீடியோக்கள் பெருகின. 2021இல் யூடியூப் இவற்றைத் தடைசெய்வதாக அறிவிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது ஓசையில்லாமல் நடப்பது. படத்துக்கு ஏற்ற நோய்க்குப் பணம் வழிகிறது, மற்றதற்கு வறண்டுபோகிறது. இந்தியத் தெருநாய்களின் பிறப்புறுப்பில், புணர்ச்சி வழியாகப் பரவும் புற்றுக்கட்டி ஒன்று மிகச் சாதாரணம். வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசி என்று சில வாரங்கள் போட்டால் பெரும்பாலான நாய்கள் முழுமையாகக் குணமாகிவிடும். புற்றுநோய்களிலேயே இத்தனை எளிதில் தீர்வது அபூர்வம். ஆனாலும் அந்தப் புண்ணின் படத்தை யாரும் பகிர மாட்டார்கள். இரவுப்பணிக் கம்பவுண்டரின் சம்பளம், எக்ஸ்ரே கருவியின் பழுது, தனிமை வார்டின் பினாயில் ஆகியவற்றுக்கும் முகம் இல்லை. முகம் இல்லாத செலவுகள் நின்றுபோனால், படத்தில் வந்த நாயையும் காப்பாற்ற முடியாது.

பெரிய பணத்துக்கும் இதே சாய்வு உண்டு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்தோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதன் ஏழாம் அட்டவணையில் விலங்குநலமும் இடம்பெற்றிருக்கிறது. பெயர் பொறித்த ஆம்புலன்ஸ் கொடுப்பது நிறுவனத்துக்கு எளிது. ஆம்புலன்ஸ் கொண்டுவந்து இறக்கும் விலங்குக்கு மூன்று மாதம் கட்டுப்போடும் செலவை ஏற்பது கடினம். வெளிநாட்டுப் பணத்தின் வழியும் குறுகியது. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், பணம் பெற்ற அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதைத் தடுத்துவிட்டது. பெரிய அமைப்பு வழியாகச் சின்ன ஊர்க் காப்பகத்துக்கு மருந்து போய்ச்சேர்ந்த பாதை அடைபட்டது.

பொது மருத்துவ நிதி

இந்தச் சாய்வைச் சரிசெய்யும் வழி தனி விலங்குக்கான வேண்டுகோளைக் கைவிடுவது அல்ல. அந்த வேண்டுகோள் பொது நிதிக்கு வாசலாக இருக்க வேண்டும். வேண்டுகோளிலேயே தெளிவாகச் சொல்லிவிடலாம்: இந்த நாயின் அறுவைக்குத் தேவையானதற்கு மேல் வரும் தொகையும், நாய் இறந்துவிட்டால் மிஞ்சும் தொகையும் மற்ற விலங்குகளின் வைத்தியத்துக்குப் போகும். முன்கூட்டிச் சொன்னால் ஏமாற்றம் இல்லை.

பொது நிதிக்கு விதிமுறையும் வேண்டும். எந்த நோய்க்கு எதுவரை செலவு செய்வது, யார் முடிவெடுப்பது, வலியைத் தீர்க்க வேறு வழியில்லை என்று எப்போது ஒப்புக்கொள்வது என்பதை எழுதிவைக்க வேண்டும். குணமாகாத நோயாலும் உயிர்போகும் காயத்தாலும் வதைபடும் நாய்க்கு வலியற்ற முடிவைக் கருத்தடை விதிகளே அனுமதிக்கின்றன. பணம் இல்லை என்ற காரணத்தைக் குணமாகாது என்ற தலைப்பில் எழுதாமலிருக்க வேண்டும் என்றால், இரண்டையும் பதிவேட்டில் தனித்தனியாக எழுத வேண்டும். எத்தனை விலங்குகள் பணம் இல்லாததால் இறந்தன என்று தெரிந்தால்தான் எவ்வளவு பணம் தேவை என்று கேட்க முடியும்.

இதற்கான அவசரம் கூடியிருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கருத்தடை செய்து மூன்று நான்கு நாளில் திருப்பி விடப்படும் நாய்க்கும், ஆயுள் முழுவதும் அடைபட்டு வாழும் நாய்க்கும் மருத்துவச் செலவு ஒன்றாகாது. நெருக்கமாக அடைத்தால் டிஸ்டெம்பரும் பார்வோவும் சண்டைக்காயமும் கூடும். வயதானால் சிறுநீரகமும் மூட்டும் கெடும். கட்டடத்துக்கு ஒதுக்கும் ஒவ்வோர் உள்ளாட்சியும், அதில் எத்தனை மருத்துவர், எத்தனை தனிமை அறை, ஆண்டுக்கு எவ்வளவு தடுப்பூசி என்பதையும் அதே தீர்மானத்தில் எழுத வேண்டும்.

தமிழ்நாட்டில் தொடங்குவதற்கு மூன்று காரியங்கள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. 35ஆம் பிரிவின்படியான வைத்தியக் கட்டணப் பட்டியலை ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும் இன்றைய விலையில் புதுப்பித்து வெளியிடலாம். வழக்கு உள்ள விலங்குக்கு வசூலிக்கவும், வழக்கு இல்லாத விலங்குக்கு மானியம் கணக்கிடவும் அதே பட்டியல் உதவும். வள்ளலார் திட்டத்தின் ஒரு பகுதியை, கருத்தடைக்குக் கொடுப்பதுபோல், முடிந்த சிகிச்சைக்கு இவ்வளவு என்று ஈட்டுத்தொகையாகக் கொடுக்கலாம். வணிகர் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் பழைய மகமையைப் போல மாதாந்திரச் சிறு தொகையைத் தங்கள் பகுதிக் காப்பகத்தின் மருத்துவ நிதிக்கு எழுதிவைக்கலாம்; பதிலுக்கு அந்தக் காப்பகம், வந்த விலங்குகள், வைத்தியம் பெற்றவை, பிழைத்தவை, பணமின்றி இழந்தவை என்ற நான்கு எண்களை மாதந்தோறும் வாசல் பலகையில் எழுதட்டும்.